முகமும் தெருவும்

ஜப்பானிய அனிமே படத்தின் ஒவ்வொரு காட்சியும் இரண்டு வேறு கைகளில் பிறக்கிறது. முகத்தையும் உடலையும் வரைகிறவர் ஒருவர். அந்த முகம் நிற்கும் தெருவை, தெருவோரத்து மரத்தை, மரத்துக்கு மேலிருக்கும் வானத்தை வரைகிறவர் இன்னொருவர். செல்லுலொயிட் தாளில் படம் செய்த காலத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஒளி ஊடுருவும் தாளில் கோடிழுத்து, அதன் பின்பக்கத்தில் சீராக வண்ணம் பூசினால் பாத்திரம் தயார். பின்புலம் அப்படியல்ல. தடித்த காகிதத்தில் போஸ்டர் கலரால் தீட்டிய முழு ஓவியம் அது. அதில் கோடு மறைந்து, வெயிலும் நிழலும் ஈரமும் மட்டும் நிற்கும். இந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து கமெராவால் பிடிப்பார்கள். இன்று எல்லாம் கணினிக்குப் போய்விட்டது. ஆனாலும் முகம் எளிமையாகவும் இடம் அடர்த்தியாகவும் இருக்கும் வழக்கம் பெரும்பாலும் அப்படியேதான் தொடர்கிறது.

இரண்டுக்கும் தனித்தனி வரைவேடு உண்டு. பாத்திரத்தின் ஏட்டில் முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு மூன்றும் இருக்கும். சிரித்தால் கண் எப்படிச் சுருங்கும், கோபித்தால் புருவம் எங்கே ஏறும், தோழனுக்குப் பக்கத்தில் நின்றால் தோள் எந்த உயரத்தில் வரும் என்றெல்லாம் குறித்திருப்பார்கள். எத்தனை பேர் வரைந்தாலும் ஆள் ஒருவராகவே தெரிய வேண்டுமே! இடத்துக்கும் அதே மரியாதை கிடைக்கிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், காலை வெயில் எந்தச் சுவரில் விழும், மாலையில் அது எங்கே நகரும், இரவானால் எந்த விளக்கு எரியும் என்று இடத்தின் ஏடு கேட்டுக்கொண்டே போகும்.

இந்த அக்கறைக்குச் சிக்கனமும் ஒரு காரணம். 1963 ஜனவரி முதலாம் திகதி ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ போய்’ ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரந்தோறும் ஒரு பகுதி கொடுத்தாக வேண்டும், கையில் காசோ குறைவு. ஒரு விநாடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், வரைந்த அசைவுகளைத் திரும்பவும் பயன்படுத்தினார்கள். பாத்திரம் அசையாமல் நிற்கும் நேரத்தில் பார்ப்பவரைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பொறுப்பு பின்புலத்துக்கு வந்தது. கமெரா மெல்ல ஒரு கூரைமேல் நகரும், ஒரு மின்கம்பத்தில் நிற்கும், வெறும் வானத்தைப் பார்க்கும். வறுமையில் பிறந்த அந்தப் பழக்கம் பிற்காலத்தில் ஒரு பெரிய கலையாக வளர்ந்தது. யாருமே இல்லாத ஒரு தெருவை நாலு விநாடி பார்த்துக்கொண்டிருக்க உலகத்துப் பிள்ளைகளைப் பழக்கியது அந்தக் கலைதான்.

இந்த இரண்டு ஏடுகளில் முதலாவது கொழும்புக்கு எப்போதோ வந்துவிட்டது. புறக்கோட்டைப் பிரதான வீதியின் நடைபாதையில் தொங்கும் ரீசேர்ட்டுகளைப் பாருங்கள். நருட்டோ நிற்கிறான், லூஃபி சிரிக்கிறான், கோக்கு முட்டியை மடக்குகிறான். பள்ளிக்கூடப் பைகளில், கைபேசி உறைகளில், ஓட்டோக்களின் பின்கண்ணாடிகளில் இதே முகங்கள். கொட்டாஞ்சேனைப் பெடியனுக்கு அவன் தம்பியைவிட இவர்களின் குடும்ப வரலாறு நன்றாகத் தெரியும். 1982இல் ஜப்பானின் நன்கொடையால் ரூபவாஹினி உருவாகி, பிறகு ‘ஓஷின்’ சிங்களம் பேசி நம் வீட்டுக் கூடங்களுக்குள் வந்த காலத்திலிருந்தே ஜப்பானிய முகம் இந்தத் தீவில் அந்நியமில்லை. இப்போது அந்த முகங்கள் தமிழும் பேசுகின்றன. 2025 செப்டெம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ தொடரின் ‘இன்ஃபினிட்டி காசில்’ படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழ்ப் பதிப்பும் கூடவே வந்தது.

முகம் இவ்வளவு இலகுவாகக் கடல் கடப்பதற்கு அதன் வடிவமே காரணம். தெசுகா தக்காரசுக்கா நகரில் வளர்ந்தவர். பெண்களே எல்லா வேடமும் ஏற்கும் அந்த ஊர் மேடை நாடகங்களின் பெரிய கண் ஒப்பனையும், டிஸ்னி படங்களின் உருண்டை விழிகளும் அவர் கோட்டில் கலந்தன. அப்படி உருவான முகம் எந்த நாட்டுக்காரனின் முகம் என்று சொல்ல முடியாதது. ஜப்பானியச் சித்திரக்கதையான மங்கா கறுப்பு வெள்ளையில் அச்சாவது என்பதால் ஆளை அடையாளம் காட்டும் பொறுப்பு தலைமுடிக்கும் தொப்பிக்கும் போனது. நிழலை மட்டும் பார்த்தே பெயர் சொல்லிவிடலாம். குறைந்த கோடுகளால் ஆன அந்த முகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய்க் குடியிருக்கலாம். 1997இல் எயிச்சிரோ ஓடா வரையத் தொடங்கிய ‘வன் பீஸ்’ கதையின் வைக்கோல் தொப்பிக் கொடியை 2025இல் இந்தோனேசியாவிலும் நேபாளத்திலும் இளைஞர்கள் போராட்டக் கொடியாகவே ஏந்தினார்கள். ஒரு தொப்பி, ஒரு மண்டையோடு, ஒரு சிரிப்பு: அந்த மூன்றே போதுமாயிருந்தன.

நமக்கும் அப்படிப்பட்ட முகங்கள் இருந்திருக்கின்றன. கேலிச்சித்திரக்காரர் சிரித்திரன் சுந்தர் வரைந்த சவாரித்தம்பரை நிழலிலேயே அடையாளம் கண்ட தலைமுறை ஒன்று இங்கே உண்டு. ஆகவே முகம் வரையக் கற்றுக்கொள்வது நமக்குப் புதிதில்லை. ஜப்பானிடமிருந்து நாம் இன்னும் வாங்காதது இரண்டாவது ஏட்டைத்தான். முகம் எந்த ஊருக்கும் போய்விடும், பின்புலம் தன் ஊரிலேயே இருக்கும். அதை இறக்குமதி செய்ய முடியாது. அவரவர் ஊரை அவரவர்தான் வரைய வேண்டும்.

ஜப்பானின் கமக்குரா பக்கத்தில் எனோதென் என்ற சின்ன ரயில் பாதை கடலை ஒட்டி ஓடுகிறது. கமக்குரா கோகோமாயே என்ற நிலையத்துக்கு அருகே ஒரு ரயில் கடவை. 1993இல் தொடங்கிய ‘ஸ்லாம் டங்க்’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கப் பாடலில் அந்தக் கடவை சில கணங்கள் வரும். கடல், தண்டவாளம், கடந்து போகும் ரயில், அவ்வளவுதான். அதைப் பார்க்கவென்று இன்றும் பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து தெருவடைத்து நிற்கிறார்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் முடிவில் இதே மூன்றும் வரும். மரைன் டிரைவைக் கடந்தால் தண்டவாளம், அதற்கப்பால் பாறைகள், பிறகு கடல். மாலை ஆறு மணிக்குக் கரையோர ரயில் வாசலெல்லாம் ஆட்கள் தொங்கத் தொங்கத் தெற்கே போகும். சூரியன் நேரெதிரே இறங்கும். ஐந்தாறு மாடித் தொடர்மனைகளின் பல்கனிகளில் காயும் வேட்டியும் சேலையும் அந்த நேரத்தில் செம்மஞ்சளாகும். இங்கே வளர்ந்து கனடாவுக்கும் இலண்டனுக்கும் போன பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் கமக்குராக் கடவையின் படத்தைத் தம் கணினித் திரையில் வைத்திருப்பதில் குறையொன்றுமில்லை. தம் ஒழுங்கை முனையும் அப்படி வரையத்தக்கது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லையே என்பதுதான் என் கவலை.

பின்புலம் நிலத்தைக் காப்பாற்றியதும் உண்டு. 1988இல் வந்த ஹயாவோ மியசாகியின் ‘என் அயலவன் டொட்டோரோ’ படத்தில் காட்டையும் வயலையும் வரைந்தவர் கசுவோ ஓகா. அந்தக் காட்டுக்குத் தூண்டுதலான சயாமா குன்றுகள் டோக்கியோவுக்கு அருகிலிருப்பவை, வீட்டுத் திட்டங்கள் விழுங்கிக்கொண்டிருந்த நிலம். 1990இல் டொட்டோரோ பெயரில் ஒரு நிதியம் தொடங்கியது. சேர்ந்த பணத்தில் அந்தக் காட்டைத் துண்டு துண்டாக வாங்கி அப்படியே விட்டுவைத்தார்கள், இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் அன்போடு பார்த்த மரத்தை வெட்ட மனம் வருவதில்லை.

நம் நிலத்தைப் பிறர் வரைந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1991இல் கப்கொம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைற்றர் 2’ விளையாட்டை வெளியிட்டது. அதில் நம் பக்கத்து ஆள் இந்தியரான தல்சிம். எலும்பும் தோலுமான உடல், கழுத்தில் மண்டையோட்டு மாலை, நீளும் கைகள், வாயில் நெருப்பு. அவன் நின்று சண்டையிடும் மண்டபத்தில் இரு பக்கமும் யானைகள். அதே விளையாட்டில் சுன்-லீ நிற்பது ஒரு சீனக் கடைத்தெருவில். சைக்கிள் போகிறது, கடைக்காரர் தம் வேலையைப் பார்க்கிறார். ஒரு தேசத்துக்கு அன்றாடம் கிடைத்தது, இன்னொரு தேசத்துக்கு யானை கிடைத்தது. பகையால் செய்ததில்லை இது. நம் அன்றாடத்தின் படம் வரைந்தவரின் கைக்கு எட்டவில்லை, அவ்வளவே.

கேட்டு வரைந்தால் வேறுபடும் என்பதற்கும் சான்று உண்டு. யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர் இராமாயணத்தைப் படமாக்க விரும்பினார். வெளிநாட்டவர் இதைக் கார்ட்டூன் ஆக்கலாமா என்று இந்தியாவில் எதிர்ப்பு வந்தது. இருந்தும் இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன், கோய்ச்சி சசாக்கி ஆகியோரோடு சேர்ந்து இயக்கி 1992இல் முடித்தார். இந்திய ஓவியர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்கு வேட்டி கட்டும் முறையையும், பெரியவர்களிடம் பிள்ளைகள் ஆசி வாங்கும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு இந்தியத் திரையரங்குகளுக்குத் திரும்பியது. அதில் இலங்கை வருகிறது, ஆனால் அது காவியத்தின் இலங்கை. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அற்புதமான கோட்டைகளும் காடுகளும் அப்படித்தான், அரசர் காலத்து நிலம். புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூடை இறங்கும் இலங்கைக்குப் பின்புல ஓவியர் வரவேண்டியிருக்கிறது.

அவருக்கு நான் காட்ட விரும்பும் படம் ஒன்றுண்டு. சுனாவோ கதபுச்சி இயக்கி 2016 நவம்பரில் வெளிவந்த ‘உலகின் இந்த மூலையில்’. ஃபுமியோ கோனோ 2007 முதல் 2009 வரை தொடராக வரைந்த மங்காவே அதன் மூலம். சுசு என்ற பெண் ஹிரோஷிமாவில் வளர்கிறாள், குரே என்ற கடற்படைத் துறைமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள், போருக்குள் சமைக்கிறாள், தைக்கிறாள், படம் வரைகிறாள். படத்தின் தொடக்கத்தில், 1933 டிசெம்பரில், சிறுமி சுசு ஹிரோஷிமாவின் நகாஜிமா என்ற கடைத்தெருவுக்கு வருகிறாள். கடைகளில் கிறிஸ்மஸ் சோடனை. ஆட்கள் நெருக்கியடித்துப் போகிறார்கள். சில நிமிடங்களில் காட்சி முடிந்துவிடும்.

அந்தத் தெரு இன்று இல்லை. 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு ஏறக்குறைய அதன் தலைக்கு மேலேயே வெடித்தது. இன்று அங்கே இருப்பது அமைதிப் பூங்கா. மரமும் புல்லுமாக இருக்கும் அந்த இடத்தைப் பார்க்கும் பலரும் அது எப்போதுமே வெளியாகத்தான் இருந்தது என்று நினைத்துப் போகிறார்கள். கதபுச்சி பழைய புகைப்படங்களைத் தேடினார். உயிர் தப்பிய முதியவர்களைத் தேடிப் போய் அமர்ந்து கேட்டார். முடிதிருத்தும் கடை எங்கே இருந்தது, அதன் கண்ணாடியில் என்ன எழுதியிருந்தது, பக்கத்துக் கடை எது? வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டினார், அவர்கள் திருத்தினார்கள், மறுபடி வரைந்தார். படத்துக்குப் பணம் போட ஆளில்லாமல் இருந்தபோது பொதுமக்களிடம் கேட்டார்கள். 3,374 பேர் சேர்ந்து சுமார் 3 கோடியே 91 இலட்சம் யென் கொடுத்தார்கள். தம் பெற்றோரின் கடைவாசலைத் திரையில் மீண்டும் பார்த்த முதியவர்கள் இருக்கிறார்கள்.

மங்காவில் இன்னொன்றும் உண்டு. 1945இல் தாமதித்து வெடிக்கும் குண்டொன்றில் சுசு வலக்கையை இழக்கிறாள், அவள் படம் வரைந்த கை. அதற்குப் பின்வரும் அத்தியாயங்களின் பின்புலங்களைக் கோனோ தம் இடக்கையால் வரைந்தார். முகங்கள் முன்போலவே இருக்கின்றன. வீடும் மலையும் கடலும் கோணுகின்றன. ஒரு பெண்ணின் துயரை அவள் முகத்தில் ஒரு கோடுகூடக் கூட்டாமல், அவள் நின்ற உலகத்தில் காட்டிவிட்டார். பின்புலத்தால் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

கொழும்புத் தமிழர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு 1983இல் தமிழர்மீது நடந்த வன்முறையை நினைக்காமல் இருக்க முடியாது. ஜூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய நெருப்பு மறுநாள் புறக்கோட்டைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்தது. கடைகள் வரிசையாக எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினார்கள் என்பதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். உலகத்தின் நினைவில் நின்றுபோனது பொரளைப் பஸ் நிலையத்தில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம்: ஆடை உரியப்பட்டு அமர்ந்திருக்கும் ஒரு தமிழர், அவரைச் சுற்றிக் கும்பல். அந்தப் படம் இருக்க வேண்டியது, அது சாட்சி. ஆனால் நம்மைப் பற்றி எஞ்சும் ஒரே படமாக அது இருக்கக்கூடாது. அதற்கு முந்திய சனிக்கிழமை அதே ஆட்கள் கடை திறந்து, சாம்பிராணி காட்டி, விலை பேசி, தேநீர் குடித்த தெருவின் படமும் வேண்டும். கதபுச்சி நகாஜிமாவில் செய்தது அதைத்தான். நெருப்பை வரைவதற்கு முன்னால், நெருப்பு எதை எடுத்துக்கொண்டது என்பதை வரைந்தார்.

வீடுவாரியாகப் பெயரெழுதிய பட்டியல் ஒருநாள் அழிப்பதற்குப் பயன்பட்டது. கடைவாரியாகப் பெயரெழுதிய பட்டியல் ஒன்றை வரைவதற்கென்று நாம் தயாரிக்க வேண்டும். இந்த மறுமொழியைத்தான் கலையால் தர முடியும் என்று நினைக்கிறேன்.

இந்த மண்ணில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ நூலில், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்து கொடுத்திருக்கிறார்கள். எண்பது வீடுகள். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே? தமிழரும் முஸ்லிம்களும் அதில் இருக்கிறார்கள். முறையாக வரையக் கற்காதவர்களின் கோடு அது, ஆனாலும் ஒவ்வொன்றும் வீடு. வன்னிப் போரை ஒரு குடும்பத்தின் கதையாக 2019இல் பெஞ்சமின் டிக்ஸும் லின்ட்சே பொலொக்கும் ‘வன்னி’ என்ற சித்திர நாவலாக்கினார்கள். வடக்குக்கு இப்படி ஏடுகள் தொடங்கியாயிற்று. கொழும்புத் தெருக்களுக்கும் தொடங்க வேண்டும்.

புறக்கோட்டையின் ஏட்டில் என்னவெல்லாம் வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக வரிபோட்டு நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல், தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி மறு ஆண்டு கட்டி முடித்தது, முதல் பக்கத்தில் வரட்டும். மாதுளம்பழம் போன்ற அதன் குவிமாடங்கள் முற்பகலில் ஒரு சிவப்பு, மழைக்குப் பிறகு வேறொரு சிவப்பு. மேட்டில் டச்சுக்காரர் 1757இல் முடித்த வுல்பெண்டால் தேவாலயம், தடித்த சுவரும் சிறிய நிழலுமாக. செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் வெளிச்சம் பகலிலும் எரியும். அதன் நடுவே கதிரேசன் கோயில்கள். கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் வெளியே கொதிக்கும் மதியத்திலும் கல் குளிர்ந்திருக்கும். அதற்கு எட்டிய தூரத்தில் அந்தோனியார் கோயில், 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பின் காயத்தோடு. கெபோ ஒழுங்கையில் மருந்துச் சரக்கு மணக்கும். நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய்த் தூசி வெயிலில் மிதக்கும். மணத்தை வரைய முடியாதுதான், ஆனால் தும்மிக்கொண்டே கடந்து போகும் ஒருவரை வரைந்துவிடலாமே!

கடைக்குள் போனால் ஏடு இன்னும் நுணுக்கமாகும். முதலாளியின் மேசை வாசலைப் பார்த்திருக்கும். லாச்சிக்கு மேலே லக்ஷ்மி, பிள்ளையார், பக்கத்தில் புத்தர் படமொன்றும் இருக்கும், அதற்கும் பூ வைத்திருக்கும். பின்னால் கணக்கப்பிள்ளையின் சின்ன மேசை. அதற்கும் பின்னால் செங்குத்தான மரப்படி. மேலே களஞ்சியம், களஞ்சியத்தின் ஓரத்தில் சுருட்டிவைத்த பாய்கள். ஹற்றனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த மலையகப் பெடியன்கள் வேலை முடிந்து படுக்கும் இடம் அதுதான். அந்தச் சின்ன ஜன்னலால் அவர்கள் எந்த வானத்தைப் பார்க்கிறார்கள் என்பதை இடத்தின் ஏடு கட்டாயம் கேட்க வேண்டும்.

வெளியே நாட்டாமி ஒருவர் தள்ளுவண்டியில் தன்னைவிட உயரமான சுமையோடு சாய்ந்து வருகிறார். இரண்டு லொறிகளுக்கும் ஒரு பஸ்ஸுக்கும் நடுவில் அவருக்கு வழி விடுகிறது தெரு. சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி அவர் கத்துவார், இரண்டு மொழியிலும் வழி கிடைக்கும். இந்தத் தெருவைத் தமிழர் தெரு என்று மட்டும் வரைந்தால் பொய்யாகிவிடும். முஸ்லிம் துணிக்கடையும் சிங்களப் பழக்கடையும் போரா வணிகரின் இரும்புக்கடையும் தோளோடு தோள் நிற்கின்றன. தமிழரை இந்த நகரத்தின் வரைபடத்தில் நிலைநிறுத்துவது இந்தக் கலப்புத்தான். ஆடிமாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் விழாத் தேர் காலி வீதி வழியே தெற்கே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் போகும்போது இருமருங்கும் பார்த்து நிற்பவர்கள் எல்லா மதத்துக்காரரும்தான். புறக்கோட்டையையும் வெள்ளவத்தையையும் ஒரே சட்டகத்தில் இணைக்கும் நீளமான காட்சி அது. 1983இன் நெருப்பும் இதே ஆடிமாதத்தில், இதே காலி வீதியில்தான் போனது. நல்ல பின்புல ஓவியர் இரண்டையும் ஒரே வீதியில் வைத்து வரைவார்.

இப்படியொரு தெரு வரையப்பட்ட பிறகு பாத்திரம் தானாக வந்து நிற்கும். அந்தப் பாத்திரத்துக்கு ஊதா முடி தேவைப்படாது. சுமை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இறங்கிய தோளே அவருடைய நிழலுருவம் ஆகும். நகைக்கடைப் பட்டறையில் கழுத்தை வளைத்தே ஆயுள் கழித்த ஆசாரிக்கு அந்த வளைவே அடையாளம். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் குடையும் பையும் ஒரே கையில் பிடித்து மறுகையால் மூன்று பிள்ளைகளை வீதி கடத்தும் தாய்க்கு அந்தக் கைகள். ஜப்பானிய ஏடு கற்பிக்கும் விதி இதுதான்: ஒருவரின் வடிவத்தை அவர் வாழும் இடமும் செய்யும் வேலையும் தீர்மானிக்கின்றன. நம் பிள்ளைகள் அந்த ஏட்டின் முகங்களை மிக அழகாகப் பார்த்து வரைகிறார்கள். அவர்களின் கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன், கையில் பிழையில்லை. முகத்துக்குப் பின்னால் காகிதம் வெள்ளையாகவே கிடக்கிறது. அங்கே என்ன வரைவது என்று கேட்டால் செர்ரி மரம் வரைகிறார்கள்.

அந்த வெள்ளையை நிரப்பக் காலம் நிறைய இல்லை. மெனிங் சந்தை 2020இல் புறக்கோட்டையை விட்டுப் பேலியகொடைக்குப் போய்விட்டது. விடியற்காலையில் மரக்கறி லொறிகள் வந்து நின்ற அந்தக் காட்சியை இனி நினைவிலிருந்துதான் வரைய வேண்டும். பழைய ஓட்டுக் கூரைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. வெள்ளவத்தையில் முற்றமும் மாமரமும் இருந்த வீடுகள் தொடர்மனைகளாகிவிட்டன. 1983இல் இருபது வயதில் கடையில் நின்றவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. எரிந்த கடையின் பெயர்ப்பலகை எந்த நிறம், எழுத்து எந்த வடிவம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அப்படிப்பட்டவர்களில் பலர் ரொறொன்ரோவிலும் பரிஸிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்.

ஆகவே சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும், அனிமே முகங்களால் கொப்பி நிறைக்கும் பிள்ளைகளிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு தெருவைத் தெரிந்தெடுங்கள். ஒரு பக்கத்துக் கடைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு முதியவரைத் தேடிப் பிடியுங்கள். வரைந்து கொண்டுபோய்க் காட்டுங்கள், அவர் பிழை என்று சொல்லும் இடத்தைத் திருத்துங்கள், மறுபடி காட்டுங்கள். பெரிய ஸ்ரூடியோ இதற்கு வேண்டாம், காகிதமும் போஸ்டர் கலரும் பொறுமையும் போதும். நகாஜிமாவை மீட்டெடுத்த வழியும் இதுதான். இருந்த தெருவை இருந்தபடி அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்துவிட்டால், அதில் எந்தக் கதையை நடத்துவது, யாரை நாயகனாக்குவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தெருவைக் கொடுப்பது நம் கடன்.